கருத்தில் அடங்காதது: உ.வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு

ஒரு கதையிலோ கவிதையிலோ சூழலும் மனநிலையும் எப்படி உருவாகின்றன என்பதைக் கற்றுக்கொள்ள எந்த நூலை வாங்கலாம் என்று எழுதத் தொடங்கியிருப்பவர்கள் கேட்கும்போது, எழுத்துப் பயிற்சி நூல்கள் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. 1937ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் தம் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை வாங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன். பழந்தமிழ்ப் பற்றினால் சொல்லும் சொல் அன்று இது. நான்கடி முதல் எட்டடிக்குள் ஓர் இரவையும் ஒரு வீட்டு முற்றத்தையும் ஒரு மனத்தையும் எழுப்பிக் காட்டும் 401 பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக, சொல் சொல்லாகப் பிரித்து, வேறு நூல்களோடு ஒப்புநோக்கிக் காட்டும் பதிப்பு வேறு எளிதில் கிடைக்காது என்பதே காரணம். (307, 391 ஆகிய இரண்டு பாடல்கள் மட்டும் ஒன்பது அடிக்குப் போகின்றன, அவற்றை யாரும் குறை சொல்லப்போவதில்லை.) ஆனால் இந்தப் பதிப்பை அச்சிட்ட வரிசையிலேயே படித்தால் அதன் பயனில் பாதியை இழந்துவிடுவோம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

பதிப்பின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரும் அவர் உரை எழுதாத இருபதுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதாகப் பழைய குறிப்பு உண்டு. அவ்விரண்டு உரைகளும் இன்று இல்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் தாம் எழுதிய உரையுடன் நூலை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். ஐயரின் பதிப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. பழைய உரையின் துணையில்லாமல் அந்த வயதில் ஒருவர் தாமே உரையெழுதிப் பதிப்பித்த நூல் என்ற வியப்பு ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு இங்கே வேண்டியது அது எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான்.

ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால், யார் யாரிடம் எந்நிலையில் என்ன சொன்னார் என்பதை விளக்கும் ஒரு நீண்ட உரைநடை வாக்கியம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பிறகு பாடல், பழைய கூற்றுக் குறிப்பு (யார் எந்நிலையில் சொன்னது என்பது), பாடியவர் பெயர், பிரதிபேதம் (ஏடுகளுக்கிடையே உள்ள பாட வேறுபாடு), பதவுரை, முடிபு (வாக்கியம் முடியும் முறை), கருத்து, விசேடவுரை (விளக்கக் குறிப்புகள்), மேற்கோளாட்சி (பிற உரைகள் பாடலை எடுத்தாண்ட இடங்கள்), ஒப்புமைப் பகுதி என்று அடுக்கு நீள்கிறது. பாடல் நான்கடி என்றால் உரை பக்கத்தை நிரப்பும். அந்த முன்வாக்கியம்தான் எனக்குள்ள முதல் குறை. ஊர் உறங்குகிறது, தலைவி மட்டும் உறங்கவில்லை என்ற செய்தியைப் பாடல் தன் கடைசி அடிவரை நிறுத்தி வைத்திருக்க, முன்வாக்கியம் அதைப் போட்டு உடைத்துவிடுகிறது. ஆகவே அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாடலை முதலில் படியுங்கள். புரியாத சொல்லுக்கு மட்டும் பதவுரைக்குப் போங்கள். பிறகு, இதுதான் முக்கியம், கருத்து என்ற பகுதியைப் படித்துவிட்டு மீண்டும் பாடலுக்குத் திரும்புங்கள். பாடலுக்கும் கருத்துக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் நாம் தேடும் பொருள் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஆறாம் பாடலையும் இருபத்தெட்டாம் பாடலையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பதுமனார் பாடிய ஆறாம் பாடல் இது:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

ஔவையார் பாடிய இருபத்தெட்டாம் பாடல் இது:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே.

இரண்டிலும் தலைவி தோழியிடம் பேசுகிறாள். இரண்டிலும் பிரிவு, இரண்டிலும் ஊர் உறங்குகிறது. தலைவரது பிரிவை ஆற்ற இயலவில்லை என்பதற்கு மேல் இவ்விரண்டின் கருத்தாகச் சொல்ல அதிகம் இல்லை. உரையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இரண்டையும் வாய்விட்டுப் படித்தவர் எவரும் இரண்டும் ஒன்றே என்று சொல்லமாட்டார். முதல் பாடலில் தலைவிக்கு உலகத்தின்மேல் கோபமே இல்லை. மக்கள் இனிதாக அடங்கினர் என்கிறாள். உலகம் வெறுப்பின்றித் துஞ்சுகிறது என்கிறாள். தன்னைச் சுற்றி எல்லாம் ஒழுங்காக, நிறைவாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டே வருவதால்தான் கடைசியில் எஞ்சி நிற்கும் ‘ஓர் யான்’ அவ்வளவு தனியாகத் தெரிகிறது. யாமத்தில், அதாவது நள்ளிரவில் தொடங்கி, மக்களுக்கும் உலகத்துக்கும் விரிந்து, பின் சட்டென்று ஒற்றை ஆளுக்குச் சுருங்குகிறது பாடல். இரண்டாம் பாடலில் அதே இரவு எதிரியாகிவிடுகிறது. முட்டு, தாக்கு என்று வல்லினம் இரட்டித்து மோதுகிறது. ‘ஆஅ’ என்ற அளபெடையில் அலறலே கேட்கிறது. பிறகு, ‘அலமரல் அசைவளி அலைப்ப’ என்று அகரமாக அடுக்கி வரும் காற்று, அலறுவதற்குக்கூட விடாமல் அவளை அலைக்கழிக்கிறது. செய்தி ஒன்று, சூழல் இரண்டு. கருத்து என்ற தலைப்பின்கீழ் ஐயர் எழுதியதை எடுத்துவிட்டு மீதம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால், ஓசையும் வரிசையும் தலைவி உலகத்தை நோக்கும் பார்வையும் மிஞ்சுகின்றன. அவர் அப்படி ஒரு பாடத்தை உத்தேசித்து எழுதவில்லை. கருத்தைத் தனியே பிரித்துக் காட்டியதாலேயே அப்பாடம் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றை உரை சொல்லாது, நாமே கவனிக்கவேண்டும். குறுந்தொகைப் பாடல்கள் நேரிசை ஆசிரியப்பாவில் அமைந்தவை. ஆகவே கடைசிக்கு முந்தைய அடி, மற்ற அடிகளைப்போல் நான்கு சீராக இல்லாமல், மூன்று சீராகக் குறைந்து வரும். இது யாப்பிலக்கணம் படித்த எல்லோரும் அறிந்த செய்திதான். ஆனால் அந்தக் குறைந்த அடியில் கவிஞர்கள் எதை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஆறாம் பாடலில் அங்கே இருப்பது ‘நனந்தலை உலகமும் துஞ்சும்’. இருபத்தெட்டில் அங்கே இருப்பது அலைக்கும் காற்று. இருபத்தைந்தாம் பாடலில், ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்’ என்று குருகின் கண் ஓடும் நீரில் நிலைகுத்தி நிற்கிறது. 234ஆம் பாடலில் ‘பெரும்புலர் விடியலும் மாலை’. சூழலைச் சுமக்கும் சொற்கள் இத்தனை பாடல்களில் அந்த அடியில் வந்து விழுவது தற்செயலாக இருக்கமுடியாது என்பது என் எண்ணம். ஒரு சீர் குறைவதால் அங்கே குரல் ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குள் காட்சி பதிகிறது. பிறகுதான் கடைசி அடி தன் ஏகாரத்தோடு வந்து முடிக்கிறது. நெடும்பாடலுக்குரிய இடவசதி இல்லாத கவிஞர்கள் இந்த ஒற்றைத் தயக்கத்தை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! பொருளை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த உரையாசிரியர் பாடல்தோறும் யாப்பின் பக்கம் திரும்பாதது எனக்கு ஏமாற்றமே. அக்கால வாசகருக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை என்று கருதியிருக்கலாம். இன்றைய வாசகருக்குச் சொல்லவேண்டும்.

நூல் முழுவதிலும் ஒரே ஒரு பாடலைத்தான் படிக்க முடியும் என்றால், கொல்லன் அழிசியின் 138ஆம் பாடலைச் சொல்வேன்.

கொன்னூர் துஞ்சினும் யாம்துஞ் சலமே
எம்மின் அயலது ஏழில் உம்பர்
மயிலடி இலைய மாக்குரல் நொச்சி
அணிமிகு மென்கொம்பு ஊழ்த்த
மணிமருள் பூவின் பாடுநனி கேட்டே.

பெரிய ஊர் உறங்கினாலும் நாங்கள் உறங்கவில்லை என்கிறாள் தோழி. எதனால் என்பதை அவள் உடனே சொல்வதில்லை. வீட்டின் அயலிடத்தைக் காட்டி, குன்றைக் காட்டி, அதன்மேல் உள்ள நொச்சியைக் காட்டி, மயிலின் அடிபோன்ற அதன் இலையைக் காட்டி, கொத்தைக் காட்டி, மெல்லிய கொம்பைக் காட்டி, அது உதிர்த்த நீலமணி போன்ற பூவைக் காட்டி, கடைசியில்தான் அந்தப் பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று முடிக்கிறாள். பூ உதிரும் ஓசை கேட்கவேண்டுமானால் இரவு எவ்வளவு அடங்கியிருக்கவேண்டும், கேட்டவர் செவி எவ்வளவு கூர்ந்திருக்கவேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளவேண்டியதுதான். அமைதி என்றோ காத்திருப்பு என்றோ பொருள்படும் ஒரு சொல்கூடப் பாடலில் இல்லை. இரவில் சந்திக்கக் குறித்த இடத்துக்கு வருவதாகச் சொன்னவன் வரவில்லை; அவன் காலடி ஓசைக்காகத் திறந்திருந்த செவியில் பூவின் ஓசை விழுந்தது. பழைய கூற்றுக் குறிப்பு இல்லாவிட்டால் இந்தப் பின்னணி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆகவே அதைப் படியுங்கள். ஆனால் பாடலுக்குப் பிறகு படியுங்கள்.

உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்காதே, காட்சியாக மட்டும் காட்டு என்று எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் ஓர் அறிவுரை வழங்கிவருகிறார்கள். அதை முழுவதும் நம்பிவிட்டவர்கள் 41, 46 ஆகிய இரு பாடல்களையும் படிக்கவேண்டும். நாற்பத்தொன்றாம் பாடலில் தலைவி, காதலர் உடன் இருந்தால் விழாக்கொண்ட ஊரைப்போல் மகிழ்வேன் என்றும், அவர் அகன்றால், பாலைவழியை ஒட்டிய சிற்றூரில் ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில்’ உடைய தனித்த வீட்டைப்போல் பொலிவிழந்து வருந்துவேன் என்றும் சொல்கிறாள். பாழடைந்த வீட்டுக்குச் சிலந்திவலையையும் இடிந்த சுவரையும் தேடிப் போகாமல் அணிலைக் கொண்டுவந்ததுதான் திறமை. அணில் துள்ளி விளையாடுகிறது. அச்சமின்றி விளையாடுகிறது என்றால் விரட்ட அங்கே யாரும் இல்லை என்று பொருள். அணிலின் மகிழ்ச்சியிலிருந்தே வெறுமை புலப்படுகிறது. ஆனால் கவிஞர் அதோடு நிற்கவில்லை. ‘புல்லென்று அலப்பென்’ என்று உணர்ச்சியையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். காட்சி முன்னே போய் இடம்பிடித்துவிட்டதால் பெயர் சொல்வதால் கெடுவது எதுவும் இல்லை. இந்தக் கவிஞரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் அணிலாடு முன்றிலார் என்றே குறித்துவைத்தார்கள். செம்புலப்பெயனீரார், குப்பைக் கோழியார் என்று இப்படித் தம் காட்சியாலேயே பெயர்பெற்றவர்கள் இந்நூலில் வேறும் சிலர் உண்டு. எந்தச் சொல்லில் பாடலின் உயிர் இருக்கிறது என்று அக்காலத்து வாசகர்கள் கொடுத்த தீர்ப்பாக இப்பெயர்களை எடுத்துக்கொள்ளலாம்.

நாற்பத்தாறாம் பாடலில் இதே உத்தி இன்னும் பொறுமையாக நடக்கிறது. வாடிய ஆம்பல் இதழ்போன்ற சிறகுடைய வீட்டுக்குருவிகள் முற்றத்தில் காயவைத்த தானியத்தைத் தின்கின்றன. பிறகு மன்றத்தில் உலர்ந்த எருவின் நுண்ணிய பொடியில் குடைந்து ஆடுகின்றன. பிறகு வீட்டு இறப்பில், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பில், தம் குஞ்சுகளோடு தங்குகின்றன. முற்றம், மன்றம், இறப்பு என்று குருவி இடம் மாற மாறப் பொழுது சாய்ந்துகொண்டே வருகிறது. ஐந்தடி கடந்தபிறகுதான், அந்த மூன்றுசீர் அடியில், ‘புன்கண் மாலையும் புலம்பும்’ என்ற சொற்கள் வருகின்றன. அதற்குள் மாலை நமக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். அவர் சென்ற நாட்டில் இந்த மாலை இல்லையோ, தோழி, என்ற கேள்விக்கு அந்தக் குருவிகளின் குடும்பமே நெஞ்சை உறுத்தும் சாட்சி.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்வதை வைத்துக்கொண்டு, மலை என்றால் கூடல், கடற்கரை என்றால் இரங்கல் என்று வாய்பாடு போல ஒப்பிப்பவர்களுக்கும் இந்நூல் நல்ல மருந்து. ஆறாம் பாடலில் நிலமே இல்லை. மிளைப்பெருங்கந்தனின் 234ஆம் பாடலோ, முல்லை மலரும் பொழுதுதான் மாலை என்று சொல்பவர்கள் மயங்கியவர்கள், துணையில்லாதவர்க்குக் கோழி கூவும் விடியலும் மாலைதான், பகலும் மாலைதான் என்று மரபின் பொழுதையே கலைத்துப்போடுகிறது. மரபு தெரிந்த வாசகரை நம்பித்தான் அப்படிக் கலைக்க முடியும்.

உரையின் மற்றக் குறைகளுக்கு வருகிறேன். பதவுரை பல இடங்களில் வாக்கிய ஒழுங்குக்காகச் சொற்களை இடம் மாற்றி வைக்கிறது. பொருள் விளங்க அது தேவை. ஆனால் ஒரு சொல் முன்னால் வருவதும் பின்னால் வருவதுமே சூழலை உண்டாக்குகிறது என்பதை மேலே கண்டோம். ஆகவே பதவுரையைப் பாடலுக்குப் பதிலாகப் படிப்பவர் பாடலின் கருத்தை மட்டுமே பெறுவார். விசேடவுரையின் அளவும் சீராக இல்லை. சில பாடல்களில் இறைச்சியும் உள்ளுறையும் (இயற்கைக் காட்சிக்குள் மறைந்திருக்கும் குறிப்புப் பொருள்கள்) விரிவாகப் பேசப்படுகின்றன. வேறு சிலவற்றில் இரண்டொரு குறிப்போடு நின்றுவிடுகின்றன. உரைநடை 1937க்குரிய தமிழ். முதல் சில பக்கங்கள் கடினமாகத் தோன்றினாலும், தெளிவான வாக்கியங்கள் என்பதால் விரைவில் பழகிவிடும்.

ஒப்புமைப் பகுதியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள்; எழுதுபவர்கள் அப்படிச் செய்யக்கூடாது. ஒரே காட்சி, ஒரே தொடர் வேறு நூல்களில் எங்கெங்கே வருகிறது என்ற வெறும் பட்டியலாகத்தான் அது தோன்றும். ஆனால் அந்த இடங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு பொருளுக்கென்று நிலையான உணர்ச்சி எதுவும் இல்லை என்பது தெரியத்தொடங்கும். அந்த முறையில் நானே ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: குறுந்தொகை 46இல் தனிமையைக் கூட்டிய அதே இறப்புக்குருவி, நற்றிணை 181இல் ஊடலுக்கு வந்து சேர்கிறது. வேறு துணையோடு தங்கிவிட்டு வந்த சேவலைப் பேடை கூட்டுக்குள் விடவில்லை. அது தூறலில் முதுகு நனைந்து அருகில் ஒடுங்கியிருக்க, நெடுநேரம் யோசித்த பேடை இரக்கப்பட்டு உள்ளே அழைக்கிறது. பறவை ஒன்றுதான், சேர்த்த மழையும், பேடை எடுத்துக்கொண்ட நேரமும் முழு மனநிலையையும் மாற்றிவிட்டன. பின்னிணைப்பாக உள்ள அகராதியும் இவ்வகைத் தேடலுக்கு உதவுகிறது. நொச்சி, குருகு, யாமம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு அது வரும் பாடல்களையெல்லாம் ஒரே அமர்வில் படிக்கலாம். பயிற்சி வகுப்புகள் எதிலும் இதற்கு நிகரான பயிற்சி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகையின் சுவையை மட்டும் விரைவாக அறிய விரும்புபவருக்கு எளிய உரைகள் பல இருக்கின்றன. அவர்கள் இந்தப் பதிப்பின் பிரதிபேதங்களுக்கும் மேற்கோளாட்சிக்கும் இடையில் களைத்துப்போவார்கள். நாவல் எழுதுபவர், முந்நூறு பக்கம் ஒரு சூழலைத் தாங்கிப்பிடிப்பது எப்படி என்பதை இங்கே கற்கமுடியாது. ஒரு பத்தியை, ஒரு காட்சியை எழுப்புவது எப்படி என்பதைக் கற்கலாம்.

வாங்கும்போது கவனம் வேண்டும். சென்னை பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்தின் மறுபதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் இவ்வுரையைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒரு பாடலைத் தேட அது மிக வசதி, தொடர்ந்து படிக்க அச்சு நூல்தான் ஏற்றது. புத்தகக் கண்காட்சியில் விலை குறைவு என்று நான் வாங்கிய ஒரு மலிவுப் பதிப்பில் ஒப்புமைப் பகுதியை முழுவதும் நீக்கியிருந்தார்கள். சந்தி பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு அடிகளைத் தாள் அகலத்துக்கு ஏற்றபடி மடக்கிப் போட்டிருந்தார்கள். மூன்றுசீர் அடி இருந்த இடமே தெரியவில்லை. கடையில் நிற்கும்போதே நாற்பத்தொன்றாம் பாடலைப் புரட்டி, ‘புலப்பில் போலப் புல்லென்று’ என்பது தனி அடியாக நிற்கிறதா, உரையின் இறுதியில் ஒப்புமைப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பிரதி வேண்டாம்.